நெவில் க்ராஷா குடியிருந்ததற்கு ஆதாரம்

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் நெவில் க்ராஷா முதலில் சுவரைத்தான் நலம் விசாரிப்பார். விரல் முட்டியால் இரண்டு தட்டு. காதைப் பக்கத்தில் வைத்து இன்னும் இரண்டு. பிறகுதான் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்து, "உள்ள பொக்குனு கேக்குது, கண்ணு. அடுத்த மழைக்கு உரிஞ்சு விழும்," என்பார். தேநீருக்கு அழைத்தவர்கள், பிறந்தநாளுக்கு அழைத்தவர்கள், ஒருமுறை சாவு வீட்டுக்காரர்கள்கூட இந்தத் தீர்ப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர் சொன்னபடி உரிந்து விழாத சுவரை நான் பார்த்ததில்லை.

எல்லோரும் அவருக்குக் கண்ணுதான். எங்கள் ஊர் பெனிமுர்லாவின் மேயர் கண்ணு, தபால்காரி கண்ணு, என் பூனையும் கண்ணு. ஸ்பானிய மொழியில் பெயர்ச்சொற்கள் மட்டும் தெரியும். வினைச்சொற்களைக் கையால் செய்து காட்டிவிடுவார். "சுவர். தண்ணி. மோசம்," என்று சொல்லி, உள்ளங்கையை மேலிருந்து கீழே நழுவ விட்டால் யாருக்குத்தான் புரியாது? பதினான்கு வருடமாக இந்த ஸ்பானிய மலைச்சரிவு ஊரில் பாதி வீடுகளுக்குப் பூச்சு வேலை செய்தது இந்த மொழியை வைத்துத்தான். கூலியைக் கையில் வாங்கிக்கொள்வார். இல்லையென்றால் ஆலிவ் எண்ணெயாகவோ ஆரஞ்சாகவோ வாங்கிக்கொள்வார். ரசீது என்ற சொல்லை அவர் எந்த மொழியிலும் கற்றுக்கொள்ளவில்லை.

அறுபத்தேழு வயது. பிரிட்டனில் லங்காஷயர் பக்கம் ஆக்ரிங்டன் சொந்த ஊர். 2009 வசந்தத்தில், என் எதிர்வீட்டு நோரீனின் சமையலறைச் சுவர் ஒன்றில் ஈரம் ஏறியதைச் சரிசெய்ய இரண்டு வார வேலையாக வந்தார். நோரீன் அவருக்குப் பத்து வருடம் முன்னாலேயே கணவரோடு இங்கே வந்து, பிறகு தனியாகிவிட்டவள். பர்ன்லிக்காரி. இரண்டு ஊருக்கும் நடுவே அரை மணி நேரப் பேருந்துப் பயணம்தான். "பக்கத்து ஊர்க்காரியா இருக்கா, பேசறது புரியுது, போறதுக்கு மனசு வரல," என்று நெவில் விளக்கம் சொன்னார். அந்தச் சுவர் மூன்றாம் நாளே காய்ந்துவிட்டது. இரண்டு வார வேலை மட்டும் இன்னும் முடியவில்லை.

அவர் பெயரில் இந்த ஊரில் எதுவும் கிடையாது. வீடு நோரீன் பெயரில், கார் நோரீன் பெயரில், மின்சாரம், தொலைபேசி, நாயின் தடுப்பூசி அட்டை எல்லாம் அவள் பெயரில். ஊர்ப் பதிவேட்டில் சேரவில்லை. பல் வலித்தால்கூட ஆக்ரிங்டன் போகும்வரை பொறுத்துக்கொள்வார். காரணம் உண்டு. ஒரு காலத்தில் சொந்தமாகச் சிறிய நிறுவனம் நடத்தியிருக்கிறார். அது மூழ்கியபோது அவர் கையெழுத்து இருந்ததெல்லாம் போய்விட்டது. கையெழுத்து இல்லாத கரணையும், பூச்சைத் தேய்க்கும் மணியாசுக் கட்டையும் மட்டும் மிஞ்சின. அன்றிலிருந்து காகிதத்தைக் கண்டால் நாயைக் கண்ட பூனை மாதிரி சிலிர்த்துக்கொள்வார்.

கல்யாணப் பேச்சுக்கும் அதே பதில்தான். "பேப்பர்ல எழுதினாத்தான் நீ என் ஆளா? பேப்பர் கிழிஞ்சா என்ன பண்ணுவே?" முதல் ஐந்து வருடம் நோரீன் சிரித்தாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

2016 ஜூன் மாதத்து அந்தக் காலை எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. விசென்டின் காபிக் கடைத் தொலைக்காட்சியில் வாக்கெடுப்பின் முடிவு ஓடிக்கொண்டிருந்தது: பிரிட்டன் ஐரோப்பாவை விட்டு வெளியேறுகிறது. பிரிட்டன்காரர்கள் நாங்கள் பதினோரு பேர் இருந்தோம். யாரும் காபியைத் தொடவில்லை. நாட்டை விட்டு வந்து பதினைந்து வருடம் தாண்டியவர்களுக்கு ஓட்டுக் கிடையாது என்பது அப்போதைய சட்டம். நோரீனுக்கு இல்லை, எனக்கும் இல்லை. எங்கள் வாழ்க்கையைப் பற்றி எங்களைத் தவிர எல்லோரும் ஓட்டுப் போட்டிருந்தார்கள். நோரீன் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். நெவில்தான் எழுந்து, விசென்டை நகர்த்திவிட்டு, அவரது கொதிகலனில் தேநீர் போட்டுக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். அதில் இரண்டு கரண்டிச் சர்க்கரையும் போட்டிருந்தார். நல்ல மனிதர் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு வந்த வருடங்களை என்னவென்று சொல்வது? வெளியேறும் தேதி மூன்று முறை தள்ளிப்போனது. ஒப்பந்தம் உண்டு என்றார்கள், இல்லை என்றார்கள், மறுபடி உண்டு என்றார்கள். பிரதமர்கள் வந்தார்கள், போனார்கள். காபி கேட்டால் விசென்ட், "அதிருக்கட்டும், உங்க ஊர்ல இன்னைக்கு யாரு பிரதமர்?" என்று கேட்டுவிட்டுத்தான் கோப்பையை எடுப்பார். கடைசியில் ஒரு தேதி நின்றது. 2020 டிசம்பர் 31. அதற்குள் இங்கே குடியிருப்பவர்கள் என்று பதிந்துகொண்டவர்களுக்குப் பழையபடி இங்கே வாழும் உரிமை. மற்றவர்கள் விருந்தாளிகள்.

அந்த ஒரு வருடத்தில் நோரீன் தன் பழைய காரில் இருபத்தாறு பேரை ஏற்றிக்கொண்டுபோய்ப் பதிய வைத்தாள். கண் தெரியாதவருக்குப் படிவம் நிரப்பினாள். நடக்க முடியாதவருக்குச் சக்கர நாற்காலி தூக்கினாள். என் படிவத்தையும் அவள்தான் சரிபார்த்தாள். ஒரே ஒருவர்தான் காரில் ஏறவில்லை.

"நெவ், வெள்ளிக்கிழமை போலீஸ் நிலையத்துல நேரம் கிடைச்சிருக்கு. எல்லாம் நான் நிரப்பிட்டேன். நீ வந்து நின்னா போதும்."

"என் படுக்கையில நான் படுக்கறதுக்கு எவன்கிட்ட அனுமதி கேக்கணும்?"

"அது என் படுக்கை."

"அப்ப உன்கிட்டதான் கேக்கணும். படுத்துக்கலாமா, கண்ணு?"

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு டிசம்பரும் போய்விட்டது.

2021 அக்டோபரில் அண்ணனின் அடக்கத்துக்காக ஆக்ரிங்டன் போய்த் திரும்பியபோது, விமான நிலையத்தில் ஒரு அதிகாரி அவருடைய கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறார்.

"எத்தனை நாள் தங்குவீங்க?"

"தங்கறதா? நான் வீட்டுக்குப் போறேன், கண்ணு."

"குடியிருப்பு அட்டை இருக்கா?"

இல்லை. அதிகாரி தப்பாக எதுவும் செய்யவில்லை. சட்டம் சொன்னபடி முத்திரை குத்தினார். அன்று முதல் எந்த நூற்றெண்பது நாளிலும் தொண்ணூறு நாள்தான் நெவில் இங்கே இருக்கலாம். கடவுச்சீட்டை எனக்கு விரித்துக் காட்டினார். "ஆட்டு முதுகுல சாயம் குத்தற மாதிரி குத்திட்டான் பாரு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அதற்கப்புறம் மாலைவரை விசென்ட் கடையில் உட்கார்ந்திருந்தார். ஒரு சுவரையும் தட்டவில்லை.

தொண்ணூறாம் நாள் காலையில் அவரைக் கொண்டுபோய் விமானத்தில் ஏற்றுவது, அடுத்த தொண்ணூறு நாள் கழித்துப் போய் அழைத்து வருவது என்று நோரீனின் வாழ்க்கை மாறியது. "எனக்குப் பாதி வருஷத்துக்குத்தான் ஆள் குடுத்திருக்காங்க," என்று கேலியாகச் சொல்வாள். அவர் இல்லாத மாதங்களில் அவள் வீட்டு விளக்கு சீக்கிரம் அணைந்துவிடும். அவரோ ஆக்ரிங்டனில் தங்கை வின்னி வீட்டுச் சின்ன அறையில் மடக்குக் கட்டிலில் கிடப்பார். கை சும்மா இருக்காது. முதல் தடவை வின்னியின் கூடத்துக்குப் பூசினார். இரண்டாம் தடவை மாடிப்படி, படுக்கையறை. மூன்றாம் தடவை வின்னி தொலைபேசியில் கெஞ்சினாள். "நோரீன், இவன் இப்ப கரி அறைக்குப் பூச ஆரம்பிச்சுட்டான். கரி அறைக்கு எதுக்கு வழவழன்னு சுவரு? வந்து கூட்டிட்டுப் போயேன்."

"நாப்பத்தி ஒரு நாள் இருக்கு வின்னி. அதுவரைக்கும் கோழிக்கூண்டு ஏதாச்சும் கட்டச் சொல்லு."

2023 பிப்ரவரியில் நோரீனின் மார்பில் கட்டி ஒன்று தெரிந்தது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். நெவிலின் தொண்ணூறு நாளும் தீர்ந்து, அவர் கிளம்பிப்போய் ஆறு வாரமாகியிருந்தது. மருத்துவமனை வராந்தாவில் நான் உட்கார்ந்திருந்தேன். அரை மணிக்கொரு முறை என் தொலைபேசி அடித்தது.

"ஹெஸ்டர், அந்த வராந்தா சுவரு எப்படி இருக்கு?"

"நெவ், அவளை இன்னும் வெளியே கொண்டுவரல."

"சரி. சுவத்துல ஈரம் இருக்கா?"

பார்த்தேன். "இல்ல. காஞ்சிருக்கு."

"நல்லது. காஞ்சிருந்தா நல்லது."

அப்புறம் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் தொலைபேசியை வைக்கவில்லை. மாலையில் மருத்துவர் வந்து, பயப்படும்படியான கட்டி இல்லை என்று சொன்னபோது, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி கீழே விழும் சத்தம் வந்தது.

ஏப்ரலில் திரும்பியவர் பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு என் கதவைத் தட்டினார். "உனக்கு ஒரு பேப்பர்க்காரியத் தெரியும்ல. அவகிட்ட கூட்டிட்டுப் போ."

அந்தப் பேப்பர்க்காரி அம்பாரோ. அரசாங்க அலுவலகங்களில் மனுப் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். பக்கத்து டவுனில் மருந்துக் கடைக்கு மேலே ஒற்றை அறை. நெவில் உள்ளே போனதும் சுவரைத் தட்டினார். அம்பாரோ மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். நான் மொழிபெயர்த்தேன்.

"இன்னும் வழி இருக்கு," என்றாள் அம்பாரோ. "2020 முடியறதுக்கு முன்னாடி இங்க குடியிருந்தவர்னா அந்த உரிமை சாகல. நிரூபிச்சா அட்டை குடுப்பாங்க. நீங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிருக்கீங்களா?"

"இல்ல," என்றாள் நோரீன்.

"பண்ணிக்கறோம்," என்றார் நெவில். நோரீன் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப பண்ணா அது புதுக் கல்யாணம், சென்யோர். பழைய உரிமை அதுல வராது. நீங்க இங்க இருந்தீங்கன்னு சொல்ற காகிதம் வேணும். வருஷத்துக்கு ஒண்ணாவது."

"நான் இங்கதான் இருந்தேன். ஊரையே கேளு, கண்ணு."

"ஊரு காகிதம் இல்லையே."

ஆனாலும் ஊர் முயன்றது. விசென்ட் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதினார்: இந்த மனிதர் 2009 முதல் தினமும் காலை பத்தரைக்கு என் கடைக்கு வந்து, என் காபியைக் குறை சொல்லிவிட்டு இரண்டு கோப்பை குடிக்கிறார். ரொட்டிக்கடைக்காரி எழுதினாள். மேயர் 2014 திருவிழாப் புகைப்படத்தைத் தேடி எடுத்தார். அந்தக் காலத்து அரபு மூர்களும் கிறித்தவர்களும் சண்டை போடுவதாக நடிக்கும் ஊர்வலத்தில் நெவில் மூர்ப் படைவீரனாக நிற்கிறார். தலைப்பாகை, மார்புவரை கறுப்புத் தாடி, கண் மட்டும் தெரிகிறது. "இது என் மாமனார்னு கூடச் சொல்லலாம்," என்றாள் அம்பாரோ.

கடைசிப் பூச்சுக்கு முன்னால், ஈரமாக இருக்கும் அடிப்பூச்சில் தன் முதல் எழுத்துகளையும் தேதியையும் கீறி வைப்பது நெவிலின் வழக்கம். மேல்பூச்சு அதை மூடிவிடும். இதைக் கேள்விப்பட்டதும் விசென்ட் ஒரு சுத்தியலை எடுத்து, கடையின் பின்சுவரில் அரை முழத்துக்குப் பெயர்த்துவிட்டார். இருந்தது: நெ.க., 2012 அக்டோபர். எல்லோரும் கைதட்டினார்கள். நெவில் மட்டும் பெயர்ந்த இடத்தைத் தடவிக்கொண்டு, "நல்ல சுவரை நாசம் பண்ணிட்டியே," என்றார். புகைப்படத்தைப் பார்த்த அம்பாரோ பெருமூச்சு விட்டாள். "யாரு வேணும்னாலும் கீறலாம். ஆனாலும் சேத்துக்கறேன்."

ஜூன் பாதியில் மறுப்பு வந்தது. போதிய ஆதாரம் இல்லை. மேல்முறையீட்டுக்கு ஒரு மாதம் அவகாசம். நோரீன் அதை மூன்று முறை படித்துவிட்டு மடித்து வைத்தாள். "பதினாலு வருஷமா என் வீட்டுல ஆவியா இருந்திருக்கான்," என்றாள்.

பத்து நாள் கழித்து, அவள் சந்தைக்குப் போயிருந்த ஒரு முற்பகலில், நெவில் என் வீட்டுக்கு வந்தார். சுவரைத் தட்டவில்லை. சுண்ணாம்புத்தூள் படிந்த ஒரு பிளாஸ்டிக் பையை மேசையில் வைத்தார்.

"இது உதவுமா பாரு. நோரீனுக்குத் தெரியாம அனுப்ப முடியுமான்னும் பாரு."

பைக்குள் கடிதங்கள். அவருடைய சொந்த ஊர் நகரமன்றத்தின் வாக்காளர் பதிவுப் பிரிவிலிருந்து, நெவில் க்ராஷா, பெனிமுர்லா என்ற முகவரிக்கு. வெளிநாட்டில் இருக்கும் வாக்காளர் வருடா வருடம் தன் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்ற விதி அப்போது இருந்தது. அதற்கான நினைவூட்டல்களும், புதுப்பித்ததற்கான உறுதிக் கடிதங்களும். 2010 முதல் 2020 வரை ஒரு வருடம்கூட விட்டுப்போகவில்லை. உலகத்தில் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாத மனிதர், இந்த ஒன்றுக்கு மட்டும் ஒவ்வொரு வருடமும் போட்டு அனுப்பியிருக்கிறார்.

எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. இதைவிட நல்ல ஆதாரம் அம்பாரோ கனவிலும் கேட்டிருக்கமாட்டாள். அதற்கப்புறம்தான் 2016 கடிதம் கைக்கு வந்தது. அந்த வாக்கெடுப்புக்கான தபால் ஓட்டுச் சீட்டு தனி உறையில் வருகிறது என்று அதில் இருந்தது.

"போட்டியா?"

"போட்டேன்."

"எதுக்கு?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "வெளிய போறதுக்கு."

கடிதங்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் திருப்பி வைத்தேன். பேசினால் கத்திவிடுவேன் என்று பயமாக இருந்தது. எனக்கு ஓட்டே இல்லை. அன்று காலை என் அருகில் உட்கார்ந்திருந்த இந்த மனிதருக்கு இருந்தது.

"ஏன் நெவ்?"

"எங்க தெருவ நீ பாத்ததில்ல. மில்லு போச்சு, கடை போச்சு, பேருந்து போச்சு. அண்ணன் வேலை இல்லாம அஞ்சு வருஷம் ஜன்னலோரம் உக்காந்திருந்தான். எவனும் எட்டிப் பாக்கல. ஒரு தடவையாச்சும் மேல இருக்கறவனுங்க பயப்படட்டும்னு போட்டேன். ஜெயிக்கும்னு நினைக்கல." சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். "சொன்னா நம்புவியா? போடறப்ப நான் இங்க இருக்கறவன்னே தோணல, ஹெஸ். ஆக்ரிங்டன்காரன் ஓட்டுப் போடறான்னுதான் இருந்துச்சு. வெளிநாட்டுல இருக்கறவன்னா வேற யாரோன்னு நினைச்சேன்."

நான் மறைத்து அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மேல்முறையீட்டில் நோரீனும் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். இணைப்புப் பட்டியலை அவள் படிப்பாள். அவள் எதையும் படிக்காமல் கையெழுத்திட்டதில்லை. "நீயே சொல்லு. இன்னைக்கே சொல்லு."

"நீ கூட வர்றியா?"

போகக்கூடாது என்று தெரிந்தும் போனேன். நோரீன் சந்தையிலிருந்து வந்து, பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். பையை அவள் முன்னால் வைத்துவிட்டு நெவில் நின்றார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள். முதல் சில கடிதங்களில் அவள் முகம் மலர்ந்தது. "மடையா, இத வச்சிக்கிட்டா இத்தனை நாள்..." என்று ஆரம்பித்தவள், 2016-ல் நின்றாள். மறுபடி படித்தாள். கேள்வி கேட்கவில்லை. அவர் நின்ற விதத்திலேயே பதில் இருந்தது.

கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "அன்னைக்கு டீ போட்டுக் குடுத்தியே. அதுல சக்கரை கலக்கறப்ப உனக்குத் தெரியும், இல்ல?"

"தெரியும்."

"ஏழு வருஷம்."

"பயமா இருந்துச்சு, நோரீன்."

"எனக்கும்தான் இருந்துச்சு. உன்கிட்ட சொல்லித்தானே அழுதேன்."

பட்டாணியை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனாள். மூன்று நாள் அவரிடம் பேசவில்லை. நெவில் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார், வேலைக்குப் போகவில்லை. அவகாசம் முடிய இரண்டு வாரம்தான் இருந்தது. நான் கேட்கவும் இல்லை, தூண்டவும் இல்லை. அது அவள் முடிவு. அந்தக் கடிதங்களை அடுப்பில் போட்டிருந்தாலும் அவளை நான் குறை சொல்லியிருக்கமாட்டேன்.

நான்காம் நாள் காலை காரை என் வாசலில் நிறுத்தி ஒலி எழுப்பினாள். கடிதங்கள் வருட வாரியாக அடுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் கண்ணாடித் தாள் உறைக்குள் இருந்தன. அவள் கையெழுத்தும் போட்டிருந்தாள்.

"அம்பாரோ எத்தனை மணிக்குத் திறப்பா?"

"ஒன்பது."

"ஏறு." பாதி வழி தாண்டியது. பிறகு சாலையைப் பார்த்தபடியே சொன்னாள். "நீ ஏதாச்சும் பத்திரிகைக்கு எழுதறவ. நான் மன்னிச்சிட்டேன்னு எங்கயாச்சும் எழுதி வச்சுடாதே. அவன் இங்க இருந்தான். அது நெஜம். நெஜத்துக்குச் சாட்சி சொல்றேன், அவ்வளவுதான்."

எழுதவில்லை.

ஜூலை முதல் வாரத்தில் அவருடைய தொண்ணூறு நாள் முடிந்தது. முடிவு வரும்வரை ஒரு நாள்கூடக் கூடுதலாக இருக்க வேண்டாம் என்றாள் அம்பாரோ. இந்த முறை விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். நோரீன் வாசலுக்கு வந்து, வழியில் சாப்பிட ஒரு பொட்டலத்தை அவர் பெட்டி மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கோடை முழுவதும் அவர் என்னைத்தான் தொலைபேசியில் அழைத்தார். "அவ எப்படி இருக்கா?" என்பார். "நல்லா இருக்கா," என்பேன். "கேட்டாளா?" என்பார். ஒவ்வொரு முறையும் "இல்ல," என்ற உண்மையையே சொன்னேன்.

வின்னி ஒரு நாள் என்னிடம் பேசினாள். "என்னன்னு தெரியல ஹெஸ்டர், இந்தத் தடவ ஒரு சுவத்தையும் தொடல. ஜன்னலோரம் உக்காந்திருக்கான், செத்துப்போன எங்க பெரிய அண்ணன் மாதிரியே. எனக்குப் பயமா இருக்கு."

இதை நான் நோரீனிடம் போய்ச் சொன்னேன். அவள் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்தாள். வாளியைக் கவிழ்த்து வைத்தாள். "பாத்ரூம் சுவரு உரியுதுன்னு சொல்லு," என்றாள்.

செப்டம்பர் கடைசியில் தீர்ப்பு வந்தது. மனு ஏற்கப்பட்டது. 2010 முதல் தொடர்ந்து வந்த அரசு அஞ்சல்களைக் கருத்தில் கொண்டு என்று அதில் எழுதியிருந்தது. அம்பாரோ தொலைபேசியில் அழுதாள். அவளுக்குக் கதையின் மறுபாதி தெரியாது. நெவில் அடுத்த விமானத்தில் வந்து இறங்கினார். நோரீன் கதவைத் திறந்து, "பக்கத்து ரூம்ல படுக்கை போட்டிருக்கேன்," என்றாள். அவர் தலையாட்டினார். பாத்ரூம் சுவரைப் பூசினார். இரண்டு வாரம் அவர்கள் ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி இருந்தார்கள். உப்பை எடு, நாய்க்கு வச்சியா, அவ்வளவுதான் பேச்சு.

அட்டைக்கு ரேகை பதிய அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை நேரம் கொடுத்தார்கள். மொழிபெயர்க்க நான் போக வேண்டும். கிளம்பும் நேரத்தில் நோரீன் கார்ச் சாவியுடன் வெளியே வந்தாள். "உங்க ரெண்டு பேருக்கும் அங்க எங்க வண்டி நிறுத்தணும்னு தெரியாது," என்றாள்.

போலீஸ் நிலையத்தில் இளம்பெண் ஒருத்தி கணினி முன்னால் இருந்தாள். நெவில் அவளையும் கண்ணு என்றார். ஒரு சிறிய கண்ணாடிப் பரப்பில் வலது ஆள்காட்டி விரலை வைக்கச் சொன்னாள். வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னாள். சிவப்பு. மூன்றாம் முறை அவர் விரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"ரேகையே இல்லையே. என்ன வேலை செய்யறார்?"

"பூச்சு வேலை," என்றேன்.

"சுண்ணாம்பு தின்னுடுச்சு. தோலும் ரொம்பக் காஞ்சிருக்கு. பதியலைன்னா இன்னொரு நாள்தான் வரணும்." கணினியைப் பார்த்தாள். "அடுத்த நேரம் டிசம்பர்லதான் இருக்கு."

நான் மொழிபெயர்த்தேன். நெவில் தன் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அழுத்தி வைத்தார். சிவப்பு. இன்னும் அழுத்தினார். பின்னால் வரிசையில் யாரோ கனைத்தார்கள்.

சுவரோரமாக உட்கார்ந்திருந்த நோரீன் எழுந்து வந்தாள். கைப்பையைத் திறந்து, கைக்குப் போடும் கிரீமை எடுத்து, உள்ளங்கையில் பிதுக்கிக்கொண்டாள். அவருடைய வலது கையை வாங்கி, ஆள்காட்டி விரலில் தேய்த்தாள். நுனியிலிருந்து அடிவரை, பக்கவாட்டில், நகக்கண்ணில், மெதுவாக, அவசரமே இல்லாமல் தேய்த்தாள். கைக்குட்டையால் மிச்சத்தை ஒற்றி எடுத்தாள். அதிகாரி தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டாள். பின்பு நோரீன் அந்த விரலைத் தன் இரண்டு விரல்களுக்கிடையே பிடித்து, கண்ணாடியின் மேல் வைத்து, அதன் மேல் தன் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

"மத்தக் கை," என்றாள் அதிகாரி. நான் மொழிபெயர்ப்பதற்குள் நோரீன் அவருடைய இடது கையை எடுத்துக்கொண்டிருந்தாள்.